டாக்டர் ஹூ: அடுத்த சீசன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: "ஷூட்டி காட்வா போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் பில்லி பைப்பர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இவர்தான் அடுத்த டாக்டரா? அடுத்த சீசன் உண்டா, இல்லை 1989 மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் முடித்துவிட்டார்களா?"

1 ஜூன் 2025, காலை

முடியவில்லை. (புதிதாக வருகிறவர்களுக்கு: டாக்டர் ஹூ என்பது, காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிபிசி தொடர். டாக்டர் சாகும் நிலைக்கு வரும்போது வேறொரு முகமாக மாறுவார், புதிய நடிகர் வருவார். ஷூட்டி காட்வா அப்படி வந்த டாக்டர்.) 1989க்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அன்று பிபிசியின் மேலிடத்துக்கு இந்தத் தொடர் மேல் அக்கறையே இல்லை. 6 டிசம்பர் 1989இல் 'சர்வைவல்' கதையின் மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது. ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை, அவ்வளவுதான். இனி வராது என்று எடுத்தவர்களுக்கே தோன்றியிருந்ததால், அன்றைய டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய் கடைசியில் பேசும் வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்து படத்தின் மேல் ஒட்டினார்கள். இன்று பிபிசி வெளிநாடுகளுக்கு விற்கும் பெயர்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. லேசில் விடமாட்டார்கள்.

பில்லி பைப்பர் விஷயம். நேற்றைய எபிசோடின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் பாருங்கள். 'பில்லி பைப்பர் அறிமுகம்' என்று மட்டும் இருக்கிறது. டேவிட் டெனன்ட் வந்தபோதும் மேட் ஸ்மித் வந்தபோதும் 'டாக்டராக' என்ற சொல்லும் கூடவே இருந்தது. இந்த முறை அது இல்லை. இவர் 2005இல் டாக்டரின் துணைப் பயணி ரோஸ் டைலராக வந்தவர். 2013இல் ஐம்பதாம் ஆண்டுக் கதையில் ஓர் ஆயுதத்தின் மனசாட்சியாக அதே முகத்தோடு வந்தவர். அந்தச் சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள்.

1 ஜூன், இரவு

காலையில் எழுதும்போது இது எனக்கு உறைக்கவில்லை, மகள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அவளுக்குப் பத்து வயது. காட்வாவின் முதல் கதையிலிருந்துதான் பார்க்கிறாள். கடைசிக் காட்சியில் நானும் என் மனைவியும் "ஐயோ, ரோஸ்!" என்று கத்தினோம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யார் அந்த ஆன்ட்டி?" என்றாள்.

அவளுக்குப் பிடித்த டாக்டர் போகிறார். அந்தத் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு, இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு முகத்தைக் காட்டி ஆச்சரியப்படு என்கிறது கதை. அந்த ஆச்சரியம் எங்களுக்கானது, அவளுக்கானது இல்லை.

3 ஜூன்

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சீசன் எப்போது என்ற கேள்வியைவிட, அது எங்கிருந்து தொடங்கும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2024இல் வந்ததற்கு 'சீசன் 1' என்று புதிதாக எண் போட்டார்கள். டிஸ்னி பிளஸ் மூலம் உலகம் முழுக்கப் போகிறது, புதியவர்கள் வருவார்கள், ஆகவே ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த சீசன் முடியும்போது வந்த வில்லன் சூட்டெக். 1975 கதையில் வந்தவன். இந்த வருடம் முடியும்போது வந்தவர்கள் ராணியும் ஒமேகாவும். ராணி 1985, ஒமேகா 1973. ஆர்ச்சி பஞ்சாபி ராணியாக வந்து நிற்கும் தோரணை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் மெய்சிலிர்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போல பழைய டிவிடிக்களைத் தேடித் தேடி வாங்கியவராக இருக்க வேண்டும். ஒமேகா யார் என்று மகளுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஒமேகா செத்தே போய்விட்டான்.

புதியவர்களுக்கு என்று வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே பழைய ஆட்களுக்குப் பந்தி போட்டிருக்கிறார்கள்.

3 ஜூன், பின்னிரவு

இந்த சீசனை எழுதி நடத்திய இதே ரஸ்ஸல் டி டேவிஸ் 2005இல் என்ன செய்தார் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

அதற்கு முன் 1996 படம். பால் மெக்கான் டாக்டராக நடித்தது, வான்கூவரில் எடுத்தது. தொடங்கியதும் டாக்டரின் பழைய எதிரி மாஸ்டருக்கு மரண தண்டனை, அவன் சாம்பலைச் சுமந்துகொண்டு போகும் பழைய டாக்டர், பிறகு அவர் செத்து இன்னொரு முகமாக எழுவது. புதிதாகப் பார்க்கும் அமெரிக்கருக்கு முதல் அரைமணி நேரத்தில் என்ன புரிந்திருக்கும்? அமெரிக்காவில் அது தொடராகவில்லை. மெக்கான் அருமையான டாக்டர். அப்போது திரையில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு ராத்திரி.

26 மார்ச் 2005 அன்று 'ரோஸ்' வந்தது. அலாரம் அடிக்கிறது, ஒரு பெண் எழுந்து கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவளோடு நாமும் போகிறோம். மெக்கான் எப்படிப் புதிய டாக்டரான கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனாக மாறினார் என்று ஒரு வார்த்தை இல்லை. ரசிகர்கள் அதற்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்! மெக்கான் எப்படிப் போனார் என்பதை 2013 நவம்பரில் வந்த ஒரு குறும்படத்தில்தான் காட்டினார்கள். டாக்டரின் பிரபல எதிரியான டாலெக் வந்தது ஆறாவது எபிசோடில். டாக்டரின் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயின் பெயரை 2006 கிறிஸ்துமஸ் வரை யாரும் உச்சரிக்கவே இல்லை. முதல் எபிசோடை பிரிட்டனில் 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி பழைய ரசிகர்களாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

4 ஜூன்

"நீங்கள் மட்டும் எப்படி ரசிகரானீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 1 கோடியே 8 லட்சத்தில் நானும் ஒருவன்.

2004 செப்டம்பரில் திருநெல்வேலியிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்குப் படிக்க வந்தேன். கேத்தேஸ் பகுதியில் மாணவர்கள் பகிர்ந்து தங்கும் வீடு. அந்தச் சனிக்கிழமை ஈஸ்டருக்கு முந்தின நாள், உள்ளூர்ப் பையன்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது நானும், போக வழியில்லாத வேல்ஸ்காரன் ஒருவனும். அவன்தான் டிவியைப் போட்டு, "உட்கார், இது எங்கள் ஊரில் எடுத்தது" என்றான். டாக்டர் ஹூ என்ற பெயரையே அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடைப் பொம்மைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்களைச் சுடும் காட்சி இருக்கிறதே, கதையில் அது லண்டன். எடுத்தது கார்டிஃபின் குயின்ஸ் ஆர்கேடில். குளிருக்குக் கோட்டு தேடி அந்த வளாகத்தில் அலைந்திருந்ததால் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த நிமிடம் என்னை எப்படிப் பிடித்தது என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புதிய ஊர், யாரையும் தெரியாது, ஆறு மாதமாக ஒருவித மரத்துப்போன மனநிலை. திரையில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். முடிந்ததும் அடுத்தது எப்போது என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை என்றான். நான்கு நாளில் எக்கிள்ஸ்டன் ஒரு சீசனோடு விலகுகிறார் என்று செய்தி வந்தது. "அப்படியென்றால் கதை முடிந்ததா?" என்று கேட்டேன். அவன் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினான்: முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனது, 1966 அக்டோபரில் அவரைக் கீழே விழவைத்து பேட்ரிக் டிரௌட்டனாக எழவைத்தது, நடிகர் மாறினாலும் ஆள் மாறாது என்ற ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது.

எனக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது ஒரு எபிசோட் பார்த்த பிறகுதான். பார்ப்பதற்கு முன்னால் தேவைப்படவில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

5 ஜூன்

டென்னிஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். 2017இல் விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியை நான் பார்த்ததே முடிந்தவுடன் ஜோடி விட்டேக்கரை அறிவிப்பார்கள் என்பதற்காகத்தான். அடுத்த டாக்டரையும் அப்படி எங்காவது அறிவிக்கட்டும், ஊரே பேசட்டும்.

15 ஜூன்

இப்போது இன்னொரு பக்கம். பழையதைத் தொடாதே என்று சொல்லச் சொல்ல மனதில் ஒரு முகம் வந்து நிற்கிறது. கரோல் ஆன் ஃபோர்ட்.

1963இல் முதல் எபிசோடில் டாக்டரின் பேத்தி சூசனாக வந்தவர். 1964 டிசம்பரில் டாக்டர் அவளைப் பூமியில் விட்டுவிட்டு, ஒருநாள் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனார். 1983இல் ஒரு சிறப்புக் கதையில் ஒன்றாக நடமாடினார்கள். ஆனால் அந்த வாக்கு நிறைவேறிய மாதிரி யாருக்கும் தோன்றவில்லை. இந்த மே மாதம் 'இன்டர்ஸ்டெல்லர் சாங் கான்டெஸ்ட்' எபிசோடில் திடீரென்று அதே கரோல் ஆன் ஃபோர்ட் டாக்டரின் மனக்கண்ணில் தோன்றினார். நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். இரண்டு எபிசோட் கழித்து சீசன் முடிந்தது. சூசன் நேரில் வரவில்லை.

அவருக்கு இந்த மாதம் 85 வயது. இந்த விஷயத்தைப் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ள முடியாது. மூத்த நடிகர் பெர்னார்ட் கிரிபின்ஸ் 2022இல் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், 2023 டிசம்பரில் அது ஒளிபரப்பானபோது அவர் இல்லை. முதல் சீசனில் ஆசிரியர் இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸல், 1965இல் விலகியவர், 57 வருடம் கழித்து 2022 அக்டோபரில் சில விநாடிகள் திரும்பி வந்தார். 2024 ஜூனில், 99 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சில விநாடிகளை எடுத்து வைத்தார்களே என்று இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

ஆகவே 3 ஜூன் அன்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பழைய வில்லன்கள் காத்திருக்கலாம், ரப்பர் உடைக்கு வயதாகாது. பழைய மனிதர்கள் காத்திருக்கக் கூடாது. ஒரு தாத்தா பேத்தியை விட்டுவிட்டுப் போனார், திரும்பி வருகிறார். இதைப் புரிந்துகொள்ள அறுபது வருடச் சரித்திரம் வேண்டாம். என் மகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

16 ஜூன்

நேற்றையதற்கு ஒரு திருத்தம் போல இது. "ஒரு வரியில் சொல்லிவிடலாம்" என்று எழுதினேன். சொல்லியும் பார்த்தேன். "ஏன் அவர் இத்தனை நாள் போகவில்லை?" என்று உடனே கேட்டாள். சீசனே அந்தக் கேள்விதான். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

28 ஜூன்

பெலிண்டா சந்திராவைப் பற்றி யாரும் பேசாமல் பில்லி பைப்பரையே பேசிக்கொண்டிருக்கிறோம். பெலிண்டாவாக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்தவர். பெலிண்டா, முதல் எபிசோடிலேயே டாக்டரைப் பார்த்து, என் அனுமதியில்லாமல் என் மரபணுவைச் சோதித்தது தப்பு, என்னை வீட்டில் கொண்டுபோய் விடு என்று சொன்ன நர்ஸ். டாக்டரின் அழகில் மயங்காத துணைப் பயணி. எங்கள் வீட்டில் அந்தக் காட்சிக்குக் கை தட்டினோம். மகள் தன் அத்தை மாதிரி இருக்கிறார் என்றாள். என் தங்கையும் நர்ஸ்தான். இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்து அவள் பேசுவதும் அந்தத் தொனியில்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவரை இறுதி எபிசோடில் ஒரு பெட்டிக்குள் குழந்தையோடு உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் ஓடியாடினார்கள். கடைசியில், அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு மகள் இருந்தாள், அதற்காகத்தான் வீட்டுக்குப் போகத் துடித்தார் என்று கதையையே பின்னோக்கி மாற்றினார்கள். தாயாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தன் வீடு, தன் வேலை, தன் வாழ்க்கை என்பதற்காக ஒரு பெண் திரும்பிப் போக விரும்பினால் அது போதாதா? இந்த சீசனில் எனக்கு உண்மையாகவே வலித்த இடம் இதுதான். அடுத்த சீசனில் யார் டாக்டராக வந்தாலும், கூட வருகிறவருக்கு ஒரு முழு மனுஷியின் கதை கொடுங்கள்.

3 ஆகஸ்ட்

செய்தி எதுவும் இல்லை.

14 செப்டம்பர்

செய்தி இல்லாத நேரத்தில் ஒரு கணக்கு. முதல் சீசனில் 42 எபிசோட். எழுபதுகளில் பெரும்பாலும் வருடத்துக்கு 26. 1986 முதல் 14. 2005இல் 13. 2018இல் 10. 2024இல் 8. இதில் அறுபதுகள், எழுபதுகளின் எபிசோட் 25 நிமிடம்தான், ஆகவே நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் எட்டு என்பது ரொம்பக் குறைவு. அந்த எட்டிலும் காட்வாவுக்கு வேறு படப்பிடிப்பு இருந்ததால் 2024இல் இரண்டு எபிசோடில் அவர் ஓரமாகத்தான் வந்தார். இரண்டும் நல்ல கதைகள், அதில் குறையில்லை. மொத்தத்தில் பார்த்தால் இந்த டாக்டர் டாலெக்குகளை நேருக்கு நேர் சந்திக்காமலேயே போய்விட்டார். எவ்வளவு நல்ல நடிகர்! 'தி வெல்' எபிசோடில், தான் எந்தக் கிரகத்துக்கு மறுபடி வந்திருக்கிறோம் என்று புரியும்போது அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

இந்தத் தொடருக்கு வாராவாரம் என்ற பழக்கம்தான் உயிர். எட்டு வாரம் வந்துவிட்டுப் பத்து மாதம் காணாமல் போனால், பிள்ளைகள் வேறொன்றுக்குப் போய்விடுவார்கள். மகளின் வகுப்பில் இதைப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. 2006இல் இங்கே நான் பகுதிநேர வேலை பார்த்த இடத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் திங்கட்கிழமை இதைத்தான் பேசுவார்கள்.

28 அக்டோபர்

வந்துவிட்டது. டிஸ்னி பிளஸ் இனி இல்லை. பிபிசி அறிவித்துவிட்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோட், எழுதுவது டேவிஸ். அதற்குப் பிறகான சீசன் பற்றிப் பிறகு சொல்வார்களாம். ராத்திரி எழுதுகிறேன்.

28 அக்டோபர், இரவு

பயமும் நிம்மதியும் சேர்ந்தே வருகிறது.

முதலில் பயம். 2022 அக்டோபரில் டிஸ்னியோடு போட்ட ஒப்பந்தம் 26 எபிசோடுகளுக்கு. டிசம்பரில் வரப்போகும் ஐந்து எபிசோட் துணைத் தொடரோடு அது தீர்கிறது. அந்தப் பணம் போனால் தொடர் சுருங்கும். 2025 கிறிஸ்துமஸுக்கு எதுவும் கிடையாது. மே 2025இலிருந்து டிசம்பர் 2026 வரை டாக்டர் இல்லாமல் இருக்கப்போகிறோம். 1985இல் பதினெட்டு மாத இடைவெளி விட்டபோது ரசிகர்கள் பாட்டெல்லாம் பாடி இசைத்தட்டு போட்டுப் போராடினார்கள். இப்போது அதே நீளம், யாரும் சத்தம்கூடப் போடவில்லை.

இனி நிம்மதி. இந்தத் தொடரின் மிக நல்ல கதைகளில் பல, கையில் காசில்லாதபோது செய்தவை. 1964 பிப்ரவரியில் வந்த இரண்டு எபிசோடை, செட் போடப் பணமில்லாமல், டாக்டரின் கால வாகனமான டார்டிஸுக்குள்ளேயே நான்கு நடிகர்களை மட்டும் வைத்து எடுத்தார்கள். அதில்தான் அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் முதல்முறை நம்பத் தொடங்குகிறார்கள். 2008இல் 'மிட்நைட்', ஒரு வண்டிக்குள் பத்துப் பேர்கூட இல்லை, கதவைத் தட்டும் ஒரு சத்தம். 2015இல் 'ஹெவன் சென்ட்', கிட்டத்தட்ட முழுக்க அன்றைய டாக்டர் பீட்டர் கபால்டி ஒற்றையாளாக. இந்த மூன்றிலும் இடிந்து விழும் கட்டடமோ, வானத்தை மறைக்கும் எலும்புப் பிராணியோ கிடையாது. சூட்டெக்கையும் ஒமேகாவையும் பிரம்மாண்டமாகக் காட்டிய பணத்தில் இன்னும் நாலு சின்னக் கதை எடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணம் குறைந்தால் எபிசோட் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், பிரம்மாண்டத்தைக் குறையுங்கள். இதை பிபிசிக்குக் கடிதமாகவே எழுதப்போகிறேன்.

29 அக்டோபர்

"ரசிகர் கடிதத்தை யார் படிப்பார்கள்?" என்று ஒருவர். இந்தத் தொடரில் அப்படிச் சொல்லாதீர்கள். 1986இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் ரசிகர்களை அழைத்து உட்கார வைத்தார்கள். அந்த வருடக் கதை மோசம் என்று எழுதியவர்களைப் பார்த்தே சொன்ன பதினாறு வயதுப் பையன் கிறிஸ் சிப்னல். 2018இல் தொடரே அவர் கைக்கு வந்தது. கபால்டி பதின்வயதில் டாக்டர் ஹூ பற்றி ரேடியோ டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதியவர். டெனன்டைக் கேட்டால் இதைப் பார்த்துத்தான் நடிகனாக ஆசைப்பட்டேன் என்பார். 1989க்கும் 2005க்கும் இடையில் டிவியில் இல்லாதபோது நாவலாகவும் ஒலி நாடகமாகவும் இதைச் சுமந்தவர்கள் ரசிகர்கள். டேவிஸே அதில் ஒரு நாவல் எழுதியவர். பதினாறு வருடம் அணையாமல் வைத்திருந்தது பிபிசி இல்லை.

கடிதம் அனுப்பிவிட்டேன். மகள் தனியாக ஒன்று எழுதினாள். அதில் சூசனும் இருக்கிறாள், அடுத்த டாக்டருக்கு ஒரு நாய் வேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. 1977இலேயே ஒரு இயந்திர நாய் வந்துவிட்டது என்றேன். "நிஜ நாய்" என்றாள்.

23 நவம்பர்

பிறந்தநாள். 62 வருடம்.

1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தது, சில இடங்களில் மின்சாரமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடையே மறுபடி போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், 24 வயது. பிபிசியின் நாடகப் பிரிவில் ஒரு இளம் பெண்ணும் ஒரு இந்தியப் பையனும், லைம் குரோவில் வசதியே இல்லாத ஒரு பழைய ஸ்டூடியோவில். முதலில் எடுத்ததைப் பார்த்துவிட்டு மேலதிகாரி சிட்னி நியூமேன் திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள்.

அந்த எபிசோட் எங்கிருந்து தொடங்குகிறது? பழைய சாமான் கிடங்கு. பிறகு ஒரு பள்ளிக்கூடம். இரண்டு ஆசிரியர்கள் ஒரு மாணவியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். டாக்டர் பாதி எபிசோட் கழித்துத்தான் வருகிறார்.

இன்று மகளுக்கு அதைப் போட்டேன். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய எபிசோடுகள் எல்லாவற்றையும் ஏற்றியபோதும் இந்த முதல் கதைக்கு மட்டும், எழுதியவரின் வாரிசுத் தரப்போடு உரிமைப் பேச்சு முடியாததால் இடமில்லாமல் போனது. நல்லவேளை, டிவிடி இருக்கிறது. கருப்பு வெள்ளை என்று முதலில் முகம் சுளித்தாள். டார்டிஸ் கதவு திறந்து ஆசிரியர்கள் உள்ளே விழும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு டார்டிஸ் உள்ளே பெரிது என்று ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அந்த ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8 டிசம்பர்

'தி வார் பிட்வீன் தி லேண்ட் அண்ட் தி சீ' நேற்று தொடங்கியது. மகளைத் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தோம், இது பெரியவர்களுக்கானது. கடலுக்குள் வாழும் பழைய இனம் மேலே வந்து, எங்கள் கடலை ஏன் குப்பையாக்கினீர்கள் என்று மனிதர்களிடம் கணக்குக் கேட்கிறது. 1972இல் ஜான் பெர்ட்வீ டாக்டராக இருந்த காலத்தில் வந்த ஸீ டெவில்கள்தான் இவர்கள். அந்தக் கதையைப் பார்க்காத என் மனைவிக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ரஸ்ஸல் டோவி நடிப்பது ஒரு சாதாரண அலுவலகக் குமாஸ்தா, அவனோடு நாமும் உள்ளே போய்விடுகிறோம். பழையதை எடுத்தாலும் இப்படி எடுக்கலாம் என்பதற்கு டேவிஸ் தானே உதாரணம் கொடுத்திருக்கிறார். இதை டாக்டருக்கும் செய்யுங்கள் சார்.

26 டிசம்பர்

நேற்று கிறிஸ்துமஸுக்கு டாக்டர் இல்லை. 2005 முதல் 2017 வரை ஒரு கிறிஸ்துமஸ்கூட விடாமல் வந்தவர். 2023லும் 2024லும் மறுபடி வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பழக்கதோஷத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். 2005 கிறிஸ்துமஸ் எபிசோடைப் போட்டோம். டெனன்ட் முக்கால்வாசி நேரம் பைஜாமாவில் படுத்தே கிடப்பார், எழுந்ததும் ஊரையே தூக்கிச் சாப்பிடுவார். மகள் ரோஸ் டைலரை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். முடிந்ததும், "இப்போது அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போடுங்கள்" என்றாள். போட்டேன். காட்வா ஒளியாகி, பில்லி பைப்பர் வந்தார். இந்த முறை அவளும் கத்தினாள்.

சரி, இதை வைத்து என் கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகப் போட்டுக் காட்டினால் எந்தக் காட்சியும் வேலை செய்யும். எல்லார் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார்.

11 ஜனவரி 2026

"டிசம்பருக்குள் எதையெல்லாம் பார்த்துவிடலாம்?" என்று கேட்டவர்களுக்கு. முழுவதும் பார்க்க நினைக்காதீர்கள், அறுபதுகளின் எபிசோடுகளில் பல பிபிசியே நாடாக்களை அழித்ததால் இன்று இல்லவே இல்லை. புதிதாக வருகிறவர் 'ரோஸ்'இல் தொடங்கி, 2005 சீசனை மட்டும் பாருங்கள், பதின்மூன்றும். அப்புறம் 'பிளிங்க்', 'மிட்நைட்', 'ஹெவன் சென்ட்'. காட்வாவுக்கு 'பூம்', 'தி வெல்', லாகோஸ் சலூனில் நடக்கும் 'தி ஸ்டோரி அண்ட் தி எஞ்சின்'. 'பூம்' எபிசோடில் வரதா சேது வேறொரு பாத்திரத்தில் வருவார், குழம்ப வேண்டாம். பழையதில் கைவைக்க ஆசையிருந்தால் எழுபதுகளின் டாக்டர் டாம் பேக்கரிலிருந்து போங்கள், 'சிட்டி ஆஃப் டெத்' நான்கே பகுதி, பாரிஸ் நகரமும் இலவசமாகக் கிடைக்கும். சூசனுக்காக மட்டும் 1964இன் 'டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்', ஆறு பகுதி. மகளோடு அதைத்தான் இப்போது பார்க்கிறேன். சனிக்கிழமைக்கு ஒரு பகுதி என்று வைத்திருக்கிறோம். நடு வாரத்தில் அடுத்ததைப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறாள். போடுவதில்லை.